களவு நோய் வெறும் சாக்கு அல்ல

"கிளெப்டோமேனியா என்று ஒரு நோயே கிடையாது, பிடிபட்டவர்கள் சொல்லும் சாக்கு. கோயிலில் சத்தியம் வாங்கினால் நின்றுவிடும்." தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சாட்ஸ்வொர்த் பகுதித் தமிழ்க் குடும்பங்களின் வாட்ஸ்அப்பில் சுற்றும் இந்தச் செய்தி தவறு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலேயே இது திருடும் உந்துதலைக் கட்டுப்படுத்த இயலாத கோளாறாக இடம்பெற்றிருக்கிறது.

என் சித்தி ஒருவரின் அலமாரியில், விலைச்சீட்டுகூடக் கிழிக்காத 17 கொண்டை ஊசி அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். வாங்கக் காசிருந்தது; கூந்தலையோ அவர் எப்போதோ குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டார். தேவையற்ற பொருள், எடுக்குமுன் நெஞ்சை அடைக்கும் பதற்றம், எடுத்த கணத்தில் நிம்மதி, வீடு வந்ததும் கூனிக் குறுகும் அவமானம். இந்த நோயின் முகம் இதுதான்.

கடையில் திருடுவோர் எல்லாரும் நோயாளிகள் அல்லர். பிடிபடுவோரில் சிறு பகுதியினருக்கே இது உண்டு. நோய் என்பதால் வழக்கும் தானாக மறைந்துவிடாது. ஆனால் சத்தியம் வாங்குவது குற்றவுணர்வைத்தான் கூட்டும், பாவம். எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை உதவுகிறது. நால்ட்ரெக்சோன் என்ற மருந்து உந்துதலைக் குறைத்ததாக 2009இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. வீட்டில் யாராவது இப்படித் தவித்தால், பக்கத்து கிளினிக்கில் மனநல மருத்துவரிடம் போகப் பரிந்துரைச் சீட்டு கேளுங்கள்.