டிக் சத்தம் வந்தாலே சாலினாய்டு போய்விட்டதா?

வண்டியை ஸ்டார்ட் செய்யும்போது டிக் என்று சத்தம் மட்டும் வந்தால் சாலினாய்டை (ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு கரண்ட்டைத் திறந்துவிடும் காந்த சுவிட்ச்) மாற்றிவிடுங்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. டிக்டிக்டிக் என்று விடாமல் அடித்தால் பெரும்பாலும் பேட்டரியில் சார்ஜ் இல்லை அல்லது டெர்மினல் பூத்துப் போயிருக்கிறது. சாலினாய்டுக்குள் இரண்டு காயில் இருக்கும், ஒன்று பிளஞ்சரை (உள்ளே நகரும் இரும்புத் தண்டு) இழுக்க, இன்னொன்று பிடித்து வைக்க. பிளஞ்சர் நகர்ந்து காண்டாக்ட் சேர்ந்ததும் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும், வோல்டேஜ் சரியும், பிடிக்கிற காயில் விட்டுவிடும், உடனே வோல்டேஜ் ஏறி மறுபடி இழுக்கும், அதுதான் அந்தச் சத்தம். ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு மோட்டார் அசையாவிட்டால்தான் உள்ளே இருக்கும் செம்பு காண்டாக்ட் கருகியிருக்குமோ என்று பார்க்க வேண்டும், மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் பிரஷ்ஷாகவும் இருக்கலாம்.

மாற்றும் முன் மல்டிமீட்டரை எடுங்கள். ஒருவர் சாவியைத் திருப்பும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் ஸ்டார்ட்டர் கேபிள் போல்ட்டுக்கும் நடுவில் 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு கேபிளிலோ இணைப்பிலோதான். எர்த் பக்கமும் இதே மாதிரி பாருங்கள், பழைய வண்டிகளில் எஞ்சின் எர்த் பட்டை துருப்பிடித்துத்தான் பாதித் தொல்லை. அப்புறம், ஸ்க்ரூடிரைவரால் சாலினாய்டு டெர்மினல்களை ஷார்ட் செய்து பார்க்கிறவர்கள் தயவுசெய்து முதலில் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள்.