தேவிகுளம் வரைபடமும் கம்பம் மெட்டு ஜீப்பும்

1956-இல் மொழிவாரியாக மாநிலங்கள் பிரிந்த நவம்பர் 1 நெருங்கினால் போதும், முகநூலில் அந்த வரைபடம் சுற்றத் தொடங்கிவிடும். இன்று கேரளத்தின் இடுக்கி மலையில் இருக்கிற தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் சிவப்பு நிறத்தில் வட்டமிட்டு, பறிபோன தமிழ் மண், மீட்காமல் ஓயமாட்டோம் என்று மேலே எழுதியிருப்பார்கள். எல்லைப் போராட்டத் தியாகிகளுக்கு அரசு மரியாதை செய்யும் நாள் அது. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் வரைபடத்தைப் பகிர்கிறவர்களில் பலர் எல்லை ஊரான குமுளியைத் தாண்டியது சபரிமலைக்கு மாலை போட்ட வருடங்களில் மட்டும்தான். இந்த முறை என் பள்ளித் தோழர்களே பகிர்ந்திருக்கிறார்கள். பின்னூட்டத்தில் சண்டை போடுவதைவிட இங்கே விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1956-இல் அந்த மலையில் இருந்த தமிழர்களுக்கு நடந்தது அநியாயம். அதற்கு இன்றைக்கு எல்லையைத் திருத்துவதுதான் பரிகாரம் என்பது வெறும் வாய்ப்பேச்சு. அந்தக் கோட்டைத் தினமும் கடந்து பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பேச்சால் பத்துப் பைசா பிரயோசனம் இல்லை, கெடுதல் மட்டும் உண்டு.

அநியாயம் எது என்பதிலேயே பலருக்குத் தெளிவில்லை. பசல் அலி தலைமையில் குன்சுருவும் பணிக்கரும் இருந்த மாநில மறுசீரமைப்பு ஆணையம் 1955 செப்டம்பரில் அறிக்கை கொடுத்தது. திருவிதாங்கூரின் தென்கோடியில் இருந்த அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்துக்கு என்றது. சென்னை மாநிலத்தோடு சேரக் கேட்டு 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்டவர்களின் போராட்டம் அந்த அளவில் வென்றது. தேவிகுளமும் பீர்மேடும் கிடைக்கவில்லை. திருவிதாங்கூர் தமிழர்களின் தலைவர் நேசமணி அந்த மலைவரை போய்ப் போராடிக் கைதாகியும் கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டங்களில் நிறைந்திருந்தவர்கள் தமிழர்கள் என்பது ஆணையத்துக்குத் தெரியாமல் இல்லை. அவர்கள் வேலைக்காக வந்து போகிறவர்கள் என்று சொல்லிக் கணக்கிலிருந்து கழித்துவிட்டார்கள்.

நான் அந்த இடத்தில்தான் கோபப்படுகிறேன். மொழிவாரி மாநிலம் என்று பெயர் வைத்துவிட்டு, இந்த மலைக்கு வந்தவுடன் அளவுகோலை மாற்றினார்கள். லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டு அறையில் இரண்டு மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்திருந்தாலும் அவன் வந்து போகிறவன், ஏனென்றால் அவன் பெயரில் பட்டா இல்லை. அதே சமயத்தில், 1955-இல், திருவிதாங்கூர்-கொச்சி அரசு கீழ்நாட்டிலிருந்து மலையாள விவசாயிகளை மலைக்கு ஏற்றி, குடும்பத்துக்கு 5 ஏக்கர் கொடுத்துக் குடியமர்த்தியது. நெடுங்கண்டத்துக்குப் பக்கத்தில் பட்டம் காலனி என்று முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையின் பெயரிலேயே இன்றும் ஊர் இருக்கிறது. நேற்று வந்தவனுக்குப் பட்டா கிடைத்தது, அவன் ஊர்க்காரன் ஆனான். கொழுந்து பறித்தவன் வெளியூர்க்காரனாகவே நின்றான்.

(மேடாவது குளமாவது, எல்லாம் இந்தியாவில்தானே இருக்கிறது என்று காமராஜர் சொன்னதாக ஒரு கதை உண்டு. எந்த மேடையில், எந்தத் தேதியில் சொன்னார் என்று கேட்டால் சொல்கிறவர்கள் விழிப்பார்கள். அதை வைத்து இந்தப் பதிவின் கீழ் கட்சிச் சண்டை வேண்டாம்.)

சரி, கோடு நம் பக்கம் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஊகித்துத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நம் பக்கத்திலேயே வால்பாறை, மாஞ்சோலை தேயிலைத் தோட்டங்கள் இருக்கின்றன. மாஞ்சோலை திருநெல்வேலி மாவட்டம். சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு விட்ட மலை. மண், மொழி, அரசு எல்லாமே தமிழ்தான். அங்கே கூலி உயர்வு கேட்டவர்களுக்காக 1999 ஜூலை 23 அன்று நெல்லையில் நடந்த ஊர்வலத்தில் போலீஸ் தடியடிக்குப் பிறகு தாமிரபரணியில் 17 பேர் செத்தார்கள். குத்தகை முடியப் போகிறது என்று 2024-இல் தொழிலாளர்களை விருப்ப ஓய்வில் கையெழுத்துப் போட வைத்து மலையிறங்கச் சொன்னார்கள். தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடு அவர்களுடையது இல்லை. வரைபடத்தில் சிவப்பு வட்டம் போடுகிற நண்பர்களில் ஒருவர்கூட மாஞ்சோலைக்கு அப்போது ஒரு வரி எழுதியதாக எனக்கு நினைவில்லை.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கதைதான். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் மண் சரிந்து லயங்களோடு 70 பேர் போனார்கள். பெரும்பாலும் கயத்தாறு பக்கத்திலிருந்து போன குடும்பங்கள். அடுத்த நாள் கோழிக்கோட்டில் விமானம் விழுந்தது. விமானத்தில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு கேரள அரசு 10 லட்சம் அறிவித்தது, பெட்டிமுடிக்கு 5 லட்சம். கேரளத்திலேயே பலர் இதைக் கேள்வி கேட்டார்கள். மாஞ்சோலையையும் பெட்டிமுடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தோட்டத் தொழிலாளியை எந்த மாநிலமும் முழு ஆளாக எண்ணவில்லை என்றுதான் எனக்குத் தெரிகிறது. கோட்டை நகர்த்தினால் இது தீராது.

வரலாற்றைக் காட்டி மண் கேட்பதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. தேவிகுளம் பகுதியில் இருக்கிற மூணாறு மலையை 1877-இல் மன்றோ என்ற வெள்ளைக்காரருக்குக் கொடுத்தது பூஞ்சாறு அரச குடும்பம். அவர்கள் தங்களை மதுரைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்கிறவர்கள். பூஞ்சாற்றில் மீனாட்சிக்குக் கோயில் இருக்கிறது. பந்தளத்து ராஜ குடும்பமும் பாண்டிய வழிதான் சொல்கிறது. பாண்டியன் பேரன் மலையாளம் பேசிக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கிறான். யாரிடமிருந்து எதை மீட்பது?

மொழி ஒன்றாக இருந்தால் சேர்ந்திருப்பார்கள் என்பதும் உறுதியில்லை. பொட்டி ஸ்ரீராமுலு உயிரைக் கொடுத்து வாங்கிய ஆந்திரம்தான் மொழியின் பெயரால் பிறந்த முதல் மாநிலம், 1953-இல். அதே தெலுங்கைப் பேசுகிறவர்கள் தண்ணீர், வேலை, நிதி என்று கணக்குக் கேட்டு 2014-இல் தெலங்கானாவாகப் பிரிந்துபோனார்கள். பிரிக்கிறதும் சேர்க்கிறதும் பெரும்பாலும் வயிற்றுப்பாடுதான். மொழி அதற்குக் கொடி பிடிக்கும்.

வயிற்றுப்பாடு என்றதும் தண்ணீருக்கு வருவோம். நான் மேலூர்க்காரன். எங்கள் வயலுக்கு வருகிற பெரியாறு கால்வாய்த் தண்ணீர் மேற்கே அரபிக் கடலுக்குப் போயிருக்க வேண்டிய தண்ணீர். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் மன்னருக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் ஒப்பந்தம்: 8,000 ஏக்கர், 999 வருடம், வருடத்துக்கு 40,000 ரூபாய். பென்னிகுயிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895-இல் திறக்கப்பட்டது. மலையைக் குடைந்து லோயர் கேம்ப்பில் இறங்குகிற தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கை நனைத்து, வைகையில் கலந்து, பேரணையில் பிரிந்து எங்கள் கண்மாய்களுக்கு வருகிறது. இராமநாதபுரம் வரை ஐந்து மாவட்டம் இதை நம்பி இருக்கிறது. 1970-இல் கேரளத்தார் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்த்திக்கொண்டார்கள்; மீன்பிடி உரிமை அவர்களுக்கு, மின்சாரம் எடுக்கும் உரிமை நமக்கு. 1956-இல் கோடு போட்டபோது இந்த ஒப்பந்தம் அறுந்துவிடவில்லை. மாநிலங்கள் பிறந்தது பிற்பாடு, தண்ணீர் அதற்கு முன்பே கைமாறிவிட்டது.

அணை விஷயத்தில் நான் தமிழ்நாட்டுப் பக்கம்தான், சந்தேகமே வேண்டாம். 142 அடி வரை தண்ணீர் நிறுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. கேரளம் அதை மறிக்க அவசரமாகச் சட்டம் போட்டது. 2014 மே 7 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அணைக்குக் கீழே வண்டிப்பெரியாற்றில் குடியிருக்கிறவனின் பயத்தை நம் ஆட்கள் கேலி செய்கிறபோது எனக்கு உடம்பு கூசுகிறது. 1979-இல் குஜராத்தில் மோர்பிக்கு மேலே அணை உடைந்து ஊரே அழிந்ததைப் பார்த்த தலைமுறை அது. மழை பிடித்தால் அவர்கள் இராத்திரி தூங்குவதில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதற்காக அவர்கள் பயம் பொய் ஆகிவிடாது.

2011 டிசம்பரை இங்கே சொல்லாமல் விட முடியாது. அணை உடையப் போகிறது என்று அங்கே கிளம்பிய பீதியும், தண்ணீரை நிறுத்தப் போகிறார்கள் என்று இங்கே கிளம்பிய கோபமும் குமுளியில் மோதின. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கில் மலையேறப் போனார்கள். 144 போட்டார்கள். இங்கே மலையாளிகள் கடைகளில் கல் விழுந்தது. அங்கே தோட்ட வேலைக்குப் போயிருந்த நம் ஆட்கள் காட்டு வழியாக நடந்தே இறங்கி வந்தார்கள்.

கம்பத்துப் பக்கம் வாழ்க்கைப்பட்டிருக்கும் என் மதினி பல வருடமாக எல்லை தாண்டி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர். அந்த மாதம் வீட்டில் உட்கார்ந்திருந்தார். காய் பறிக்கிற பருவம் அது. ஏலக்காய் ஒரேயடியாகப் பழுக்காது. சுற்றுச் சுற்றாக வந்து, செடியின் தூரில் தரையோடு படர்ந்து கிடக்கிற சரத்தில் முற்றின காயை மட்டும் கிள்ள வேண்டும். ஒரு சுற்றுத் தவறினால் காய் பழுத்து வெடித்துத் தரம் இறங்கிவிடும். தோட்டத்து முதலாளி, கட்டப்பனைக்காரர், போன் செய்து, "அக்கா, இப்போது யாரும் வர வேண்டாம். அடங்கட்டும், நானே கூப்பிடுகிறேன்" என்றாராம். அவர் காய் செடியில் வெடித்தது, இவர் கூலி போனது. இருவருமே முல்லைப் பெரியாறு பற்றி எந்த மேடையிலும் ஏறாதவர்கள். பக்கத்துத் தோட்டம் போடிக்காரருடையது, தமிழர். அங்கேயும் அதே நஷ்டம்.

நிலைமை அடங்கியதும் யார் சமாதானம் பேசி எல்லையைத் திறந்தார்கள் என்று மதினியிடம் கேட்டேன். "யார் பேசினார்கள்? காய் கிடக்கிறது, கூலி வேண்டும். ஜீப் கிளம்பியது, ஏறிவிட்டோம் தம்பி" என்றார்.

அந்த ஜீப்பைப் பார்க்காதவர்கள் ஒருநாள் விடியற்காலையில் கேரள எல்லைக்கு ஏறுகிற கம்பம் மெட்டுச் சாலையிலோ போடி மெட்டிலோ நின்று பாருங்கள். இருட்டு விலகுவதற்குள் வரிசையாக ஏறும். உள்ளே மடிமேல் மடி உட்கார்ந்து, பின்படியில் தொங்கிக்கொண்டு, தலையில் துண்டு கட்டிய பெண்கள், கையில் தூக்குவாளி. ஏற்றுகிற ஆள் கணக்கை யாரும் எண்ணுவதில்லை. வளைவில் கவிழ்ந்தது என்ற செய்தி நமக்குப் புதிதும் இல்லை. விபத்து நடந்தது மெட்டுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, எந்த மாநில போலீஸ், எந்த ஆஸ்பத்திரி, தோட்டக்காரர் பொறுப்பா, ஜீப்காரர் பொறுப்பா என்று குடும்பம் அலைய வேண்டியதுதான். மாநிலம் விட்டு மாநிலம் போகிற தொழிலாளர்களுக்கென்று 1979-இல் ஒரு சட்டம் வந்தது. ஊரைவிட்டுப் போய் மாதக்கணக்கில் தங்குகிறவரை நினைத்து எழுதிய சட்டம் அது. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற என் மதினி போன்றவர்களை அது மனதில் வைக்கவில்லை.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1956-இல் கோடு போட்ட அதே மறுசீரமைப்புச் சட்டம்தான் மண்டலக் குழுக்களையும் உண்டாக்கியது. எல்லைத் தகராறு, மொழிச் சிறுபான்மையினர், மாநிலங்களுக்கு இடையிலான போக்குவரத்து இவற்றைப் பேசலாம் என்று அதில் எழுதியே வைத்திருக்கிறார்கள். தென்மண்டலக் குழு 2022 செப்டம்பரில் திருவனந்தபுரத்தில் கூடியது. சட்டத்தின் கோட்டை மட்டும் நாம் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறோம், இந்தப் பகுதியை ஒருவரும் கேட்பதில்லை.

அவ்வளவு மேலே போகவும் வேண்டாம். சித்ரா பௌர்ணமிக்கு, எல்லை மலையில் இருக்கிற மங்கலதேவி கண்ணகி கோயில் ஒருநாள் திறக்கிறார்கள். கோயில் யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருக்க, அந்த ஒருநாளுக்காகத் தேனி ஆட்சியரும் இடுக்கி ஆட்சியரும் ஒவ்வொரு வருடமும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகிறார்கள். எந்த ஜீப்புக்கு அனுமதி, ஒரு ஜீப்பில் எத்தனை பேர், கட்டணம் எவ்வளவு, தண்ணீர் எங்கே, டாக்டர் எங்கே என்று எல்லாம் தீர்மானமாகிறது. இரண்டு மாநிலத்துப் போக்குவரத்து அதிகாரிகளும் வண்டியைச் சோதிக்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டுச் சேர நாட்டுக்கு நடந்தவளைக் கும்பிடப் போகிறவர்களுக்கு ஒருநாள் செய்ய முடிகிற ஏற்பாட்டை, ஏலக்காய் பறிக்கப் போகிறவர்களுக்கு மற்ற நாள்களில் ஏன் செய்ய முடியாது?

அப்படியானால் தேவிகுளத்தை விட்டுக்கொடுத்துவிடலாமா என்று கேட்பீர்கள். அங்கே இருக்கிறவர்களைக் கேட்டீர்களா? 2015-இல் மூணாற்றுத் தமிழ்ப் பெண்கள் போனஸ் குறைப்பை எதிர்த்து, தொழிற்சங்கத் தலைவர்களையே ஒதுங்கச் சொல்லிவிட்டு, சாலையில் உட்கார்ந்து ஜெயித்தார்கள். 2021-இல் தேவிகுளத்தில் வென்றவர் கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் உறுதிமொழி எடுத்தார். அவர்கள் அரசியலை அவர்கள் அங்கேயே செய்துகொண்டிருக்கிறார்கள், நம் சிவப்பு வட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. நாம் இங்கே மீட்போம் என்று முழங்குகிற ஒவ்வொரு முறையும், நீ எந்த ஊர்க்காரன் என்ற பழைய கேள்விக்கு அவர்கள்தான் அங்கே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

தோட்ட ஜீப்புகளுக்கு ஆள் கணக்கு, மெட்டுச் சாலைகளில் காலையும் மாலையும் இரண்டு மாநில பஸ், விபத்து நடந்தால் எந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியிலும் கேள்வியில்லாமல் சிகிச்சை, நஷ்டஈடு யார் தருவது என்பதற்கு எழுத்தில் ஒரு பதில்: இவற்றை அடுத்த சித்ரா பௌர்ணமிக் கூட்டத்திலேயே எடுக்கச் சொல்லித் தேனி ஆட்சியருக்கு ஒரு மனு தயார் செய்திருக்கிறேன். மலையாளத்தில் எழுதிக் கொடுக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், இடுக்கிக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். கையெழுத்துப் போட விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள். வரைபடம் பகிர்ந்தவர்களும் வரலாம்.