அதிகாரம் எங்கள் கைக்கு வந்தாலும் அதற்கு எல்லை வேண்டும்

யாழ்ப்பாணத்தில் அரசியல் பேசத் தொடங்கினால் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நிற்கிறது: அதிகாரம் கொழும்பிடம் இருப்பதா, எங்களிடம் வருவதா? காணி, பொலிஸ் அதிகாரங்கள் மாகாணத்துக்கு வரவேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் வருகிற அதிகாரம் எதுவரைக்கும் போகலாம், எப்போது காலாவதியாகும், பிழையாகப் பாவித்தால் யார் தடுப்பது என்று ஒரு மேடையிலும் கேட்கக் காணோம்.

காணியை எடுப்போம். 2025 மார்ச் 28ஆம் திகதிய வர்த்தமானியில் வட மாகாணத்தின் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட காணிக்கு அறிவித்தல் வந்தது. அதற்கு அடிப்படை 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம். அரசு அறிவித்தல் போடும். 3 மாதத்துக்குள் உரிமை கோரி ஆவணத்துடன் போகவேண்டும். ஒருவரும் போகாவிட்டால் அரச காணி என்று அறிவிக்கலாம்.

அந்த 3 மாதத்தில் என்னென்ன நடக்கவேண்டும் என்று பாருங்கள். 1995 போர்க்கால இடப்பெயர்வில் காணி உறுதியை, அதாவது உரிமைப் பத்திரத்தை, தொலைத்தவர் காணிப் பதிவகத்தில் தேடுதல் போட்டுப் பிரதி எடுக்கவேண்டும். பழைய உறுதியில் எல்லை 'கிழக்கு இன்னார் காணி, தெற்கு ஒழுங்கை' என்றுதான் இருக்கும். அந்த இன்னாரும் இன்று இல்லை, வேலியும் இல்லை. ஆகவே நில அளவையாளர் வேண்டும். தகப்பன் காலமாகி, பிள்ளைகள் ரொறன்ரோவிலும் பாரிஸிலும் இருந்தால் தங்கள் சார்பில் செயற்பட ஒருவருக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி, தூதரகத்தில் உறுதிப்படுத்தி அனுப்பவேண்டும். 10 பரப்புக் காணியில் ஐந்து பேருக்குப் பிரிபடாத பங்கு என்றால் ஐந்து பேரையும் ஒன்றுசேர்க்க வேண்டும். இவ்வளவுக்கும் முதல், தங்கள் காணி வர்த்தமானியில் வந்த செய்தி அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். நல்லவேளையாக, விடயம் உயர் நீதிமன்றம் போனது. ஜூன் மாதம் அரசு அறிவித்தலை மீளப்பெற்றது. சட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது.

கோளாறு எங்கே என்றால், நிரூபிக்கும் சுமை குடிமகன் தலையில் இருக்கிறது. அதைத் திருப்பிப் போடவேண்டும். 'இது அரச காணி' என்று சொல்கிற திணைக்களமே ஆவணத்தோடு நிரூபிக்கட்டும். கிராம அலுவலர் மூலம் ஒவ்வொரு உரித்தாளருக்கும் தனித்தனியே அறிவிக்கட்டும். குறித்த காலத்துக்குள் நிரூபிக்காவிட்டால் அரசின் கோரிக்கை தானாகவே இரத்தாகட்டும்.

காலாவதியைப் பற்றிச் சொல்வதற்கு எங்களுக்கு ஒரே ஓர் உதாரணம் போதும். பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இல் 3 ஆண்டுகளுக்கென்றுதான் வந்தது. 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அமைச்சரின் கட்டளையில் ஒருவரை 18 மாதம் வரை தடுத்து வைக்கலாம் என்றிருந்தது, 2022 திருத்தத்தில் 12 மாதமானது. கையொப்பம் இன்னும் அமைச்சருடையதுதான்.

பொருளாதாரத்திலும் இதே கதைதான். 2021 மே 6ஆம் திகதி ஒரு வர்த்தமானி அறிவித்தலால் இரசாயன உர இறக்குமதி நின்றது. இறக்குமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம் அமைச்சருக்கு அந்தப் பலத்தை 1969இலேயே கொடுத்து வைத்திருந்தது. முன்கூட்டியே நாடாளுமன்றத்தில் விவாதிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கணக்குப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். யூரியாவில் 46 வீதம் நைதரசன். 50 கிலோ மூட்டை ஒன்றில் 23 கிலோ. கூட்டெருவில் 1.5 வீதம் இருக்கிறது என்று வைத்தால், அந்த 23 கிலோவுக்கு ஒன்றரைத் தொன் கூட்டெரு வேண்டும். ஒரு மூட்டைக்குப் பதில் ஒன்றரைத் தொன்! அதை எங்கே செய்வது, எந்த லொறியில் ஏற்றுவது, எத்தனை கூலியாள் பரப்புவது? அதோடு கூட்டெருவின் நைதரசன் மெதுவாகத்தான் பயிருக்குக் கிடைக்கும். கதிர் கட்டும் பருவம் அதற்காகக் காத்திருக்காது. தடை நவம்பரில் விலகியபோது குடாநாட்டில் காலபோகத்து நெல் ஏற்கெனவே விதைத்தாயிற்று. கமக்காரர் ஒருவர் பிழையான முடிவெடுத்தால் அவருடைய தோட்டம்தான் போகும். இங்கே ஒரு முடிவு நாடு முழுவதையும் ஒரே போகத்தில் வீழ்த்தியது.

இதற்கு எங்கள் ஊரில் வலுவான மறுப்பு ஒன்று உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போகக்கூடாது. எழுபதுகளில் வெங்காயம், மிளகாய் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரர் கையில் காசு புழங்கியது; கல்வீடுகள் எழும்பின. 1977இல் சந்தையைத் திறந்ததும் விலை விழுந்தது. உண்மை. ஆனால் அந்தச் செழிப்பு அமைச்சர் ஒருவரின் பேனாவில் தங்கியிருந்தது. பேனா கைமாறியதும் போயிற்று. பல்கலைக்கழக அனுமதியில், மொழிவாரியாகப் புள்ளிகளைச் சரிக்கட்டும் தரப்படுத்தலைக் கொண்டுவந்ததும் அதே அரசுதான். மிளகாய்க்கு வேலி போடக் கொடுத்த பலம் பிள்ளையின் படிப்புக்கும் வேலி போட்டது. அந்த வெங்காயக் காசில் படித்த பிள்ளைகளும் அதில் அடிபட்டார்கள்.

அரசு ஒன்றும் செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் எங்கள் நிலத்தடி நீர் எல்லார் கிணற்றுக்கும் பொதுவானது. ஒருவர் கூடுதலாகப் போடும் உரமும், போதிய இடைவெளி இல்லாத இடத்தில் கட்டும் மலக்குழியும் பக்கத்து வளவின் குடிநீரில் நைத்திரேற்றாக வரும். சுன்னாகத்தில் எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த வழக்கில், மின்நிலையத்தை நடத்திய நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்டவேண்டும் என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு நிற்கவேண்டிய இடம் அது. அங்கே நேரத்துக்குப் பரிசோதிக்க ஆளில்லை. வெங்காய விலையை நிர்ணயிக்க மட்டும் ஆள் இருக்கிறது.

கட்டுப்போட முடியாது என்பவர்கள் 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டத்தைப் பார்க்கவேண்டும். 2022 செப்டெம்பரில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட பிறகு, அரசுக்கு நேரடியாகப் பணம் அச்சிட்டுக் கொடுப்பதை அந்தச் சட்டம் தடுத்தது. கேட்டால் கொடுக்கலாம் என்றிருந்ததை, கேட்டாலும் முடியாது என்று மாற்றினார்கள்.

மாகாணத்துக்குக் காணி அதிகாரம் வரும்போதும் இதைத்தான் கேட்கவேண்டும். சுவீகரிப்பதற்குக் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். குறித்த காலத்துக்குள் அந்தத் தேவைக்குப் பாவிக்காவிட்டால் காணி உரித்தாளருக்கே திரும்பவேண்டும். முதலமைச்சரின் கீழ் இல்லாத ஒருவரிடம் மேன்முறையீடு செய்ய வழி வேண்டும். வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அதன் பிறகு ஆண்டுக்கணக்காக ஆளுநரின் நிர்வாகம். சபை கூடும்வரை இந்தப் பிரிவுகளை எழுதாமல் வைத்திருக்கத் தேவையில்லை. எழுதக்கூடிய சட்டத்தரணிகள் எங்களிடம் தாராளமாக இருக்கிறார்கள்.