தூண் நட்டா செட்டிநாட்டு வீடு ஆயிடுமா?

போன சித்திரைல தங்கச்சி காரைக்குடில புது வீட்டுக்குப் பால் காச்சுனா. முகப்புல நாலு தூணு, தரை பூரா ஆத்தங்குடி டைல்ஸ், பாக்க அவ்ளோ அழகு. ஆனா மதியம் ரெண்டு மணிக்கு உள்ள உக்கார முடியல, மேல கான்கிரீட்டு கொதிக்குது, ஏசி ஓடுற ஒரே ரூம்ல பதினஞ்சு பேரு. அப்பத்தா காத்துக்காக வாசலுக்குப் போச்சு, உக்காரத் திண்ணை இல்ல, படியிலயே உக்காந்துருச்சு. எனக்கு மனசே ஆறல.

முற்றம் வேணும்னு தங்கச்சி கேட்டுருக்கா. எடம் வேஸ்ட்டும்மா, மழத்தண்ணி உள்ள வரும்னு எஞ்சினியர் சொல்லிட்டாராம். மழத்தண்ணி உள்ள வரணும்னுதாங்க முற்றமே வச்சாங்க! ஐப்பசி கார்த்திகைல பெய்யுறத வச்சு வருசத்த ஓட்டுற வறண்ட சீமை இது, நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் முற்றத்துல எறங்கும், மூலைக்கு ஒரு அண்டா வச்சுப் புடிச்சுக்குவாங்க. வெயில் காலத்துல உள்ள இருக்குற சூடு அது வழியாத்தான் மேல ஏறி வெளிய போகும். கானாடுகாத்தான்ல ஏதாவது பழைய வீட்டு வாசல்ல நின்னு பாருங்க, தலைவாசல்லேருந்து பின்கட்டு வாசல் வரைக்கும் ஒரே நேரா தெரியும், காத்து நொழைஞ்சு ஓடுறதுக்கு வழி அது. செவுரு அகலமான செவுரு, சுண்ணாம்புப் பூச்சு, மேல நாட்டு ஓட்ட அடுக்கடுக்கா போட்டுருப்பாங்க, வெயிலு உள்ள எறங்கவே நேரமாகும்.

ஆத்தங்குடி டைல்ஸும் அப்படித்தான். சூளைல சுடுறதே கெடையாது, கண்ணாடி மேல கலர ஊத்தி, அந்தப் பக்கத்து மண்ணும் சிமெண்டும் போட்டு, தண்ணில ஊற வச்சு எடுக்குறாங்க. காலு பட்டுப் பட்டுத்தான் மெருகு ஏறும்.

பழச அப்படியே காப்பி அடிங்கன்னு சொல்லல. பழைய வீட்டுல வளவு, அதான் முற்றம் இருக்குற உள்கட்டு, அதச் சுத்தி வரிசையா ரூம் இருக்குல்ல, அது சும்மா இல்ல. நகரத்தார் செட்டியாருங்க வீட்டுல மகனுக்குக் கல்யாணமானா வேறு வைப்பாங்க, அதாவது தனிக்குடித்தனம், ஒரே கூரைதான், ஆனா ஒலையும் செலவும் தனித்தனி. பர்மா, மலாயான்னு ஆம்பளைங்க வருசக்கணக்கா கொண்டுவிக்கப் போனப்ப பொம்பளைங்க சேர்ந்து இருக்கவும் அந்த அமைப்பு தோதா இருந்துச்சு. இப்ப நம்ம வீட்டுல யாரு இருக்கா? வயசான ரெண்டு பேரு, புள்ளைங்க சென்னைலயும் சிங்கப்பூர்லயும். அவங்களுக்கு ஏத்த மாதிரில்ல வீடு இருக்கணும், கீழயே படுக்குற ரூமு, பக்கத்துலயே பாத்ரூமு, போறவங்க வாரவங்களப் பாத்துப் பேச ஒரு திண்ணை, பத்துக்குப் பத்துல கம்பி போட்ட சின்ன முற்றமாவது, வடகம் காயப்போடவாவது ஆகும். மாடில நாலு பெட்ரூமக் கட்டிப் பூட்டி வச்சு என்னத்துக்குங்க?

2014லயே செட்டிநாட்டு ஊருங்க யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியல்ல ஏறிடுச்சு. இங்க என்னடான்னா பங்காளிகளுக்குள்ள ஒத்துவராம வீட்ட இடிச்சு, பர்மா தேக்குத் தூண பழைய சாமான் கடைல விக்குறாங்க, அத வாங்கிட்டுப் போயி ஏசி ஹால்ல நிறுத்தி வச்சு செட்டிநாடு ஸ்டைலுங்குறாங்க. வயிறு எரியுது.

தம்பி தை மாசம் கோட்டையூர்ல புது வீட்டுக்கு வானம் தோண்டுறான், அதான் அஸ்திவாரம், முற்றம் வச்சுத்தான் கட்டணும்னு அவன்கிட்ட கண்டிப்பா சொல்லிட்டேன். சுண்ணாம்பப் புளிக்க வச்சு, கடுக்காத் தண்ணி சேத்து அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் நம்ம பக்கம் யாராச்சும் இருந்தா சொல்லுங்க. வயசானவரா இருந்தாலும் பரவால்ல, பக்கத்துல நின்னு சொல்லிக் குடுத்தாப் போதும், வேலைய எளவட்டப் பயலுக பாத்துக்குவானுங்க.