விடை கிடைத்துவிட்டதாம்!

நேற்றைய கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் வளாகத்தில் நிற்கும் செம்புச் சிற்பம் கிரிப்டாஸ்; அதில் வெட்டியிருக்கும் ரகசிய எழுத்துப் புதிரைச் சாட்ஜிபிடி ஐந்தே நிமிடத்தில் உடைத்துவிட்டது என்று நண்பர் அறிவித்தார். வாழ்த்துகள் குவிந்தன. ஒருவராவது சரிபார்த்தீர்களா? புதிரின் நான்கு பகுதிகளில் கடைசிப் பகுதியில் 97 ஆங்கில எழுத்துகள். அதை அவிழ்த்தால் 64ஆம் எழுத்து முதல் 69ஆம் எழுத்து வரை 'பெர்லின்' (BERLIN), அதையடுத்து 'கிளாக்' (CLOCK) என்று வரவேண்டும். சிற்பி ஜிம் சான்பார்னே கொடுத்த துப்பு இது. நண்பரின் விடையில் பெர்லின் நாலைந்து எழுத்து முன்னதாகவே வந்து நிற்கிறது. ரயில் சீக்கிரம் வந்துவிட்டது போலும்.

இதைச் சொன்னதற்கு எனக்குப் பொறாமையாம்.

"விடைதான் 2025இல் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியக நிறுவனத்தின் காப்பகத்தில் அகப்பட்டுவிட்டதே" என்கிறார் இன்னொருவர். அகப்பட்டது, யார் மறுத்தது? சான்பார்ன் தவறுதலாகக் கொடுத்துவிட்ட காகிதங்களில் இருந்ததை இருவர் கண்டெடுத்தார்கள். கண்டெடுத்தார்கள் ஐயா, அவிழ்க்கவில்லை! அவர் எப்படிப் பூட்டினார் என்பது அவர்களுக்கும் தெரியாது. 1998இல் சிஐஏ ஊழியர் டேவிட் ஸ்டைன் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்து முதல் மூன்று பகுதிகளையும் விடுவித்தாரே, அதற்குப் பெயர்தான் அவிழ்ப்பது.

என் அப்பா வார இதழ்க் குறுக்கெழுத்தில் ஒரே ஒரு சொல்லுக்காக நாள்கணக்கில் மண்டையைக் குடைந்துகொண்டிருப்பார். ஒருமுறை சித்தப்பா அடுத்த இதழைப் புரட்டி விடையைப் போட்டு உடைத்துவிட்டார். அப்பா அந்த வாரம் முழுக்க அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. வீடே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"இதெல்லாம் சோறு போடுமா?" போடாது. நீங்கள் விடிய விடியப் பார்க்கும் கிரிக்கெட் போடுகிறதா? "இது சிற்பமா, வெறும் புதிரா?" நல்ல கேள்விதான், இன்னொரு நாள் பேசலாம்.

1990 முதல் வர்ஜீனியாவில் சிஐஏ வளாகத்துக்குள்ளேயே நிற்கிறது அந்தச் செம்புத் தகடு. பக்கத்தில் கல்லாகிப்போன மரம், தண்ணீர். ஊர் ரகசியமெல்லாம் அறிந்தவர்களின் முற்றத்தில், அவர்களாலேயே வாசித்து முடிக்க முடியாத எழுத்து. மூன்றாம் பகுதியில் தொல்லியலாளர் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்து அரசன் துட்டன்காமன் கல்லறையில் துளையிட்டு, மெழுகுவத்தியை நீட்டி உள்ளே எட்டிப் பார்க்கிறார். "ஏதாவது தெரிகிறதா?" என்ற கேள்வியோடு அது நின்றுவிடுகிறது. கார்ட்டர் சொன்ன பதிலைச் சிற்பி சேர்க்கவே இல்லை. தெரியாமல் நிற்பதைத்தான் அந்த மனிதர் செம்பில் வெட்டி வைத்திருக்கிறார். நமக்கோ ஐந்து நிமிடம்கூடத் தெரியாமல் இருக்க முடியவில்லை.

யாரோ ஏலத்தில் ஒன்பது லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து அந்த விடையை வாங்கியிருக்கிறார். வாங்கட்டும். எனக்கு யாரும் அனுப்பிவைக்க வேண்டாம். அனுப்பினால் சொந்தம், நட்பு எதுவும் பார்க்க மாட்டேன், பிளாக்தான்.