இறக்கையில் மாட்டிய பட்டை

"அடையாளப் பட்டை மாட்டுவதால் பறவைக்குப் பெரிய தொந்தரவு இல்லை" என்று, பென்குயின் ஆய்வு பற்றிய ஒரு கட்டுரையில் வரும் வரியை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை.

பென்குயின்களின் கால் அமைப்பு அடையாள வளையத்துக்குத் தோதாக இல்லை என்று, துடுப்பு போன்ற இறக்கையில் எண் பொறித்த உலோகப் பட்டையை ஆய்வாளர்கள் மாட்டினார்கள். தூரத்திலிருந்தே எண்ணைப் படித்துவிடலாம், மறுபடி மறுபடி பிடிக்க வேண்டாம். நல்ல எண்ணம்தான். பல பத்தாண்டுகள் அப்படியே நடந்தது.

அப்புறம் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் உள்ள குரோசே தீவுகளில், பிரெஞ்சு ஆய்வாளர்கள் 100 ராஜ பென்குயின்களைப் 10 ஆண்டுகள் கவனித்தார்கள். எல்லாவற்றுக்கும் தோலுக்கடியில், அடையாளம் காண ஒரு சிறிய மின்னணு சிப். 50க்கு மட்டும் கூடுதலாகப் பட்டை. 2011இல் முடிவு வெளியானது. பட்டை போட்டவை வளர்த்த குஞ்சுகள் 39 சதவீதம் குறைவு, பிழைத்திருக்கும் வாய்ப்பு 16 சதவீதம் குறைவு. நீந்தும்போது பட்டை, பறவையைப் பின்னுக்கு இழுக்கும் நீரின் தடையைக் கூட்டுகிறது. இரை தேடப் போனவை திரும்பத் தாமதமாகி, இனப்பெருக்கத்துக்கும் பிந்தியே வந்தன. கரையில் குஞ்சு பசியோடு நிற்பதை நினைத்தால் மனசு கனக்கிறது.

இன்னொன்று, பருவநிலை மாற்றத்தின் பாதிப்பை அளக்கவும் பட்டை போட்ட பறவைகளின் தரவைத்தான் பயன்படுத்தினார்கள். அதில் கடலின் மாற்றம் எவ்வளவு, பட்டையின் சுமை எவ்வளவு?

ஆய்வே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்தத் தவறைக் கண்டுபிடித்ததும் ஆய்வாளர்கள்தானே. ஆனால் ஒரு கருவியை ஆயிரக்கணக்கான உயிர்கள்மேல் மாட்டும் முன்பே இந்தச் சோதனையைச் செய்திருக்க வேண்டும்.