தலைகீழ் அம்பு

அரசுத் துறைக்கு நான் ரகசியமாகக் கொடுத்த எலக்ட்ரிக்கல் பேனல் டிராயிங் ஒன்று, அதை அப்படியே காப்பியடித்த எதிராளியின் டிராயிங் ஒன்று, திங்கட்கிழமை நான் போட்ட இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, "அரசாங்க வேலையில் என்னண்ணே ரகசியம், மக்கள் பணம்தானே" என்று கமெண்டில் வகுப்பெடுத்த நண்பர்களுக்கு. சரி, பேசுவோம்.

நான் என்ன தொகைக்கு வேலை எடுத்தேன் என்பது ரகசியமே இல்லை. பெங்களூரு பீனியாவில் என் ஷெட் வாசலில் போர்டே எழுதி மாட்டுகிறேன். நான் சொல்வது பேனலுக்குள் இருக்கும் ஒயரிங்கையும், ரேட் இவ்வளவு குறைவா என்று துறை சந்தேகப்பட்டதால் கொடுத்த ரேட் அனாலிசிஸையும். காப்பர் யாரிடம் என்ன விலைக்கு வாங்குகிறேன், எனக்கு எவ்வளவு நிற்கும், எல்லாம் அதில் இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் 'ரகசியம்' என்று ஸ்டாம்ப் குத்திக் கொடுத்தேன். அழகாக இருக்கட்டும் என்றா குத்தினேன்?

"ஆர்டிஐ போட்டு வாங்கியிருப்பார்கள்." போடட்டுமே. நானும் போட்டிருக்கிறேன். ஆனால் அதே 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில்தான் பிரிவு 8(1)(டி) இருக்கிறது. பொது நலன் பெரிது என்றால் ஒழிய, வணிக ரகசியத்தைத் தர வேண்டியதில்லை. தர நினைத்தாலும் பிரிவு 11-ன்படி மனு வந்த 5 நாளுக்குள் எனக்கு நோட்டீஸ் வர வேண்டும், ஆட்சேபம் சொல்ல 10 நாள் விட வேண்டும். எனக்கு ஒரு துண்டுச் சீட்டு வந்ததா? இல்லை. அப்புறம் என்ன ஆர்டிஐ, பென் டிரைவில்தான் போயிருக்கும்.

"ஊழல் வெளியே வந்ததே இப்படிப் பேப்பர் வெளியானதால்தானே" என்பது நியாயமான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இங்கே பேப்பர் போனது பத்திரிகைக்கு இல்லை, அடுத்த டெண்டரில் என் எதிரே நிற்பவருக்கு. "பேட்டன்ட் வாங்கலாமே" என்ற தம்பிக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

2004-ல் நான் வேலை பார்த்த முதலாளி, டெண்டர் பெட்டி இருக்கும் ஆபீஸ் வாசலில் ஸ்கூட்டர் சீட்டின் மேல் வைத்துத்தான் ரேட்டை எழுதுவார். என்னைத் திரும்பி நிற்கச் சொல்வார். கவரில் அரக்கு ஊற்றியது நான், விரலைச் சுட்டுக்கொண்டதும் நான், ஆனால் ரேட் மட்டும் எனக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இப்போது ஆன்லைன் டெண்டரில் டிஜிட்டல் கையெழுத்து, குறித்த நேரத்துக்கு முன் பிரைஸ் பிட் (நாம் ரேட் எழுதும் பகுதி) திறக்காது என்று ஆயிரம் பூட்டு. வேலை கைக்கு வந்த பிறகு கொடுக்கிற டிராயிங்குக்கு மட்டும் பூட்டு கிடையாது, ஏதோ ஒரு மேசைமேல் கிடக்கும்.

துறையின் பேப்பரை நாம் வெளியே விட்டால் ஒப்பந்தம் ரத்து, பிளாக்லிஸ்ட். பாதுகாப்புத் துறை வேலை என்றால் 1923-ன் அலுவல் ரகசியச் சட்டம் வரைக்கும் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அவர்கள் விட்டால்? "பாத்து சொல்றேன் சார்."

எதிராளியின் டிராயிங்கில் அந்த அம்புக்குறியைப் பார்த்தீர்களா? கேபிள் கீழிருந்து ஏறும் இடத்தில் அம்பு தலைகீழாக இருக்கிறது. அது எங்கள் பையன் செய்த தப்பு. தப்போடு சேர்த்து எடுத்திருக்கிறார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, முதல் மூன்று நாள் அந்தப் பையனைத்தான் சந்தேகப்பட்டேன். ஏழு வருஷமாக என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிடுகிறவன். அவன் டீ குடிக்கப் போன நேரம் அவன் பையைத் திறந்து பார்த்தேன். ஒரு சார்ஜரும் மாத்திரை அட்டையும் இருந்தன. அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன், தெரிந்திருக்கிறது. நேற்றிலிருந்து தனியாகச் சாப்பிடுகிறான்.